கை எங்க இருந்துச்சு மாப்ளே?

152க்கு 96-ன்னு ஒரு சீட்டைக் கையில வச்சுக்கிட்டு நேத்து நீ போன்ல பேசின பேச்சுக்கு உன் அத்தை ஒப்பாரி வைக்காத குறைதான். கச்சிபௌலி கண்ணாடிக் கட்டடத்துல, ஆபீஸ்காரங்க போட்ட மருத்துவ முகாம்ல, காலையில பத்து மணிக்கு நல்லா இருந்த பிள்ளை பத்தேகாலுக்கு ரத்தக்கொதிப்புக்காரன் ஆயிட்டான். ஆவக்காய் ஜாடியைப் பரண்ல ஏத்தச் சொல்லி வீட்டுக்கு உத்தரவு. இன்சூரன்ஸ் பத்திரம் எந்த பீரோவுல, எந்தத் தட்டுல இருக்குன்னு பொண்டாட்டிக்குப் பாடம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அளக்கும்போது உன் கை எங்க இருந்துச்சு மாப்ளே?"

"தோள்லதான் மாமா இருந்துச்சு"ன்னு சொன்னே. படிச்ச பிள்ளை, பதிலும் படிச்ச பதில்தான்.

சரி, மேற்கொண்டு விசாரிச்சதுல எனக்குத் தெரிய வந்ததைச் சொல்லுதேன். மெட்டுகூடாவுல மெட்ரோ ஏறியிருக்கே. அமீர்பேட்டையில பாதிக் கூட்டம் இறங்கி முழுக் கூட்டம் ஏறியிருக்கு. ராய்துர்கத்துல பிதுங்கி வெளிய வந்து, ஆட்டோக்காரன்கிட்ட இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டியிருக்கே. முகாமுக்கு முன்னால ஒரு இரானி சாயாவும் ரெண்டு உஸ்மானியா பிஸ்கோத்தும் உள்ள போயிருக்கு. வரிசையில நிக்கும்போது மேனேஜர் போன் பண்ணி ஏதோ ரிலீஸ் தள்ளிப்போச்சான்னு கத்தியிருக்காரு. அப்புறம் முதுகு சாய இடமில்லாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல, கால்மேல கால் போட்டு, சட்டைக் கையை மடக்காம அதுமேலயே பட்டியைச் சுத்திக்கிட்டு, கையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கே. பட்டி உப்பிக்கிட்டு இருக்கும்போது, அளக்க வந்த பிள்ளை உன் எம்ப்ளாயி நம்பரைக் கேட்டிருக்கு, போன் நம்பரைக் கேட்டிருக்கு, அப்பாவுக்குச் சுகர் உண்டான்னு கேட்டிருக்கு. நீயும் ஒண்ணு விடாம ஒப்பிச்சிருக்கே.

இத்தனையும் பண்ணிட்டு 152 வந்துச்சுன்னு வருத்தப்படுதியே, 152-ஓட நின்னதுக்கு எங்க ஊரு அம்மனுக்குப் பொங்கல் வைக்கணும்.

கையைப் பத்தி மட்டும் கேளு. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2024-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாக. மருத்துவம் படிக்கிற என் பேத்தி வாசிச்சுச் சொன்னா. ஒரே ஆளுகளுக்கு மேசைமேல கையை வச்சு ஒருதரம், மடியில வச்சு ஒருதரம், பக்கத்துல தொங்கவிட்டு ஒருதரம்னு அளந்து பாத்திருக்காக. மடியில வச்சா மேல் கணக்கு 4 பாயிண்ட் கிட்டக் கூடுது. தொங்கவிட்டா 6.5 கூடுது. ஏன்னா, பட்டி இதயத்துக்குச் சரிமட்டத்துல இருக்கணும். கீழ இறங்க இறங்க மேலருந்து நிக்கிற ரத்தத்தோட பாரமும் சேந்து அதுல விழும். அரைக் கிணறு ஆழத்துல தண்ணி அழுத்துற அதே சங்கதிதான், புதுசா ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டே இருந்தா ஒரு 10 வரைக்கும் ஏறலாம். முதுகு சாயலைன்னா கொஞ்சம், கால்மேல கால் போட்டா கொஞ்சம். இதையெல்லாம் வரிசையாக் கூட்டி 152-லருந்து கழிச்சு, "அப்போ எனக்கு 115தான் மாமா"ன்னு கொண்டாந்து நிக்காதே. அப்படி நேர்க்கணக்காக் கூட்டிக்கிட வராது. உனக்கு எவ்வளவுன்னு அந்த முகாம் சொல்லலை, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

உன் புஜத்தைப் பத்தியும் பேசணும். ஜிம்முக்குப் பணம் கட்டி வளத்ததா, மதியானம் பிரியாணி கட்டி வளத்ததான்னு நான் கேக்கப் போறதில்லை. ஆனா அது சாதாரணப் பட்டிக்கு அடங்குற புஜம் இல்லை. அதே ஹாப்கின்ஸ்காரங்க 2023-ல இதையும் பாத்தாக. மிகப் பெரிய பட்டி வேண்டியவங்களுக்குச் சாதாரணப் பட்டியைக் கட்டினா மேல் கணக்கு 20 பாயிண்ட் கிட்டக் கூடுதலாக் காட்டுதாம். ஒரே ஆளு, ஒரே காலை, பட்டி மட்டும் வேற. இது என்னமோ புதுக் கண்டுபிடிப்புன்னு நினைச்சிராதே. கையில பட்டி கட்டி அளக்குற வித்தையை இத்தாலியில தூரின் நகரத்துல ரீவா-ரோச்சின்னு ஒரு டாக்டர் 1896-ல கொண்டாந்தார். சைக்கிள் டியூபை வச்சுப் பண்ணினார் மனுஷன். அந்தப் பட்டி ஒடுக்கமா இருக்கு, அதனால கூடுதலாக் காட்டுதுன்னு ஜெர்மனிக்காரர் ரெக்லிங்ஹௌசன் 1901-லேயே சொல்லி அகலமாக்கிட்டார். நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கச்சிபௌலிக்குச் செய்தி இன்னும் வந்து சேரலை போல, ரிங் ரோட்டுல டிராபிக் அப்படி.

நான் கோவில்பட்டியில பருத்திக் கமிஷன் கடையில எடை பாத்தவன், உனக்குத் தெரியும். ராத்திரியோட ராத்திரியாப் பொதிக்குள்ள தண்ணி தெளிச்சுக் கொண்டாருவாக. தராசுல ஏத்தினா முள்ளு சரியாத்தான் நிக்கும். தராசு பொய் சொல்லலை மாப்ளே, ஈரத்தையும் சேத்து ஒழுங்காத்தான் நிறுத்திருக்கு. அதனால நாங்க முள்ளைப் பாக்குறதுக்கு முன்னால பொதிக்குள்ள கையை விட்டு அலசுவோம். உன் ஆபீஸ்ல எவனும் கையை விட்டு அலசலை. முள்ளைப் பாத்தான், எழுதிட்டான். அதுலயும் அந்தப் பிள்ளை மெஷின் பாத்து எழுதிச்சு, அது மட்டும் தேவலை. காதுல குழாய் வச்சுக் கேட்டு எழுதுறவங்க சீட்டுகளை வரிசையா வச்சுப் பாரு. 120, 130, 140, 150ன்னு எல்லாம் சைபர்லதான் முடியும். ஜனங்களோட ரத்தம் என்னமோ சில்லறை இல்லாமத்தான் ஓடுற மாதிரி.

நீ குடியிருக்கிற ஐதராபாத்துக்கு ரத்த அழுத்தம் அளக்குறதுல பழைய பேரு ஒண்ணு உண்டு. பதினஞ்சு வருஷமா இங்க இருக்கே, சார்மினார்ல செல்ஃபி எடுத்ததைத் தவிர வேற தெரியாது உனக்கு. சொல்லுதேன் கேளு.

எட்வர்ட் லாரின்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் இங்க ரெசிடென்சி சர்ஜனா இருந்தார். மருத்துவப் பள்ளிக்கும் அவர்தான் தலைவர். அப்போ அறுவைக்கு மயக்க மருந்து குளோரோஃபார்ம். எடின்பரோ கட்சிக்காரரான லாரி என்ன சொல்லுவார்னா, மயக்கம் கொடுக்கும்போது மூச்சைக் கவனி, நாடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே, மூச்சு நின்னாத்தான் ஆபத்து. லண்டன் கட்சி வேற. குளோரோஃபார்ம் நேரா இதயத்தையே நிறுத்திரும், நாடியை விடாதேன்னு அவுக. லாரி 1888-ல நாய்களை வச்சு ஒரு கமிஷன் நடத்தி, நான் சொன்னதுதான் சரின்னு அறிக்கை போட்டார். லண்டன் லான்செட் பத்திரிகை நம்பலை. உடனே ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கான் சர்க்கார் 1000 பவுன் எடுத்து வச்சு, "நம்பலையா, உங்க ஆளையே அனுப்புங்க"ன்னு சொல்லிருச்சு. வைரத்தைப் பேப்பர் வெயிட்டா வச்சிருந்தாகன்னு கதை சொல்ற வம்சம், காசுக்கா யோசிக்கும்?

1889-ல லாடர் பிரண்டன்கிற பெரிய டாக்டர் கப்பலேறி வந்து சேந்தார். வரும்போது அவர் லண்டன் கட்சி. நாய், குரங்கு, ஆடு, குதிரைன்னு நூத்துக்கணக்கான சீவன்கள்மேல சோதனை நடந்துச்சு. பட்டி வராத காலம் அது. தமனிக்குள்ளயே குழாயைச் செருகி, சுழலுற உருளையில கோடு கோடா ரத்த அழுத்தம் பதிவாகும். உன் ஆபீஸ் மெஷின் அந்தத் துல்லியத்துக்குக் கால் தூசி பெறாது. எல்லாம் முடிஞ்சு பாத்தா, மூச்சுதான் முதல்ல நிக்குது, இதயம் அப்புறம்தான்னு கோடு சொல்லிச்சு. பிரண்டனே கட்சி மாறிட்டார். லாரிக்கு மீசை துடிச்சிருக்கும்.

முடிவு தப்பு மாப்ளே. 1911-ல குட்மேன் லெவின்னு ஒருத்தர் பூனைகளை வச்சுக் காட்டினார். குளோரோஃபார்ம் லேசாக் கொடுத்திருக்கிற நிலையில இதயம் திடீர்னு தாறுமாறாத் துடிச்சு நின்னு போகும். இங்க நடந்ததோ பெரும்பாலும் அதிகமாக் கொடுத்துப் பாத்த சோதனை. அவுக அளந்த நேரத்துல அந்த ஆபத்து வரலை, அந்த ஆபத்து வர்ற நேரத்துல அவுக அளக்கலை. கோட்டுல ஒரு மில்லிமீட்டர் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எடுத்த முடிவைக் கேட்டு நாடியைக் கைவிட்ட டாக்டர்கள்கிட்ட மயங்கின ஆளுகளை நினைச்சா எனக்குக் கொஞ்சம் நடுங்கும்.

உன் சீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பே. 152-ங்கிறது அந்தப் பத்தேகால் மணியோட அழுத்தம். ரத்தக்கொதிப்புங்கிறது மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நீ தூங்கி முழிச்சு, திங்க, திட்டு வாங்க, உன் குழாய்கள் தாங்குற அழுத்தம். முன்னதைப் பாத்துப் பின்னதைச் சொல்ல நடுவுல ஒரு தாண்டு தாண்டணும். அந்தத் தாண்டுலதான் பாதிப் பேரு இடுப்பை ஒடிச்சுக்கிடுதான்.

டாக்டரைக் கண்டதும் ஏறுற சமாச்சாரம் வேற இருக்கு. மிலான் நகரத்துல மான்சியா குழு 1983-ல எழுதினாக: படுக்கையில இருக்கிற ஆளுகளுக்குத் தமனியிலயே கருவி வச்சிருக்கும்போது, டாக்டர் உள்ள வந்து பட்டி கட்டினா மேல் கணக்கு சராசரியா 27 வரைக்கும் ஏறுது, பத்து நிமிஷத்துல பெரும்பாலும் இறங்கிருது. வாக்குவாதம் பண்ணுற இத்தாலிக்காரனுக்கே 27. டாக்டர் அறைக்கு வெளிய செருப்பை விட்டுட்டு, "என்ன பண்ணுது?"ன்னு அவர் கேட்டாக்கூட "ஒண்ணுமில்லைங்க ஐயா"ன்னு சொல்லுற சாதி நாம. நமக்கு எவ்வளவு ஏறும்?

நம்ம நாட்டுக் கணக்கும் உண்டு. 2020-ல வெளியான இந்தியா ஹார்ட் ஸ்டடி. 15 மாநிலத்துல 18,918 பேருக்கு முதல்ல டாக்டர்கிட்ட அளந்து, அப்புறம் வீட்டுல ஏழு நாள் அளந்து பாத்தாக. நூத்துக்கு 24 பேருக்கு டாக்டர்கிட்ட கூடுதல், வீட்டுல சரி. உன் முகத்துல இப்ப ஒரு வெளிச்சம் வருது பாரு, போன்லயே தெரியுது. அவசரப்படாதே. நூத்துக்கு 18 பேருக்குத் தலைகீழ்: டாக்டர்கிட்ட சரி, வீட்டுல கூடுதல். ஆக, நூத்துக்கு 42 பேரு விஷயத்துல முதல் அளவு ஆளை ஏமாத்திருச்சு. ஏமாத்தும்போது உனக்குச் சாதகமாத்தான் ஏமாத்தும்னு அது எழுதிக் கொடுக்கலை.

இந்தப் பதினெட்டைத்தான் நான் பயந்து பாப்பேன். இருபத்திநாலு பேரும் சும்மா இருந்திரக் கூடாதுதான், அவுகள்ல பல பேருக்குப் பின்னால நெசமாவே வந்து சேரும், அப்பப்போ பாத்துக்கிடணும். ஆனா அந்தப் பதினெட்டுக்காரன் இருக்கானே, அவன் கையில நல்ல சீட்டு இருக்கு. அதைப் பர்ஸுல வச்சுக்கிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்காக்காரன்கூட மீட்டிங் போட்டுக்கிட்டு, சிகரெட் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு பிபி நார்மல்"னு திரியுவான். அவனுக்கு யாரும் ஒப்பாரி வைக்க மாட்டாக.

உன் மாடிவீட்டுக்காரர் இன்னொரு ரகம். மல்காஜ்கிரியில இருக்கிற மெடிக்கல் ஷாப்பு ஒவ்வொண்ணா ஏறி அளந்துக்கிட்டே போவார். முதல் கடையில 158. "இந்த மெஷின் சரியில்லை." ரெண்டாவதுல 149. "பேட்டரி போயிருச்சு போல." மூணாவதுல 134. "ஆங், இது ஜப்பான் மெஷின்!" அன்னையோட சோதனை முடிஞ்சுது. நடந்து நடந்து அளந்தா எப்படி வேணா வரும். கடைசியாப் பிடிச்ச நம்பரை வீட்டுக்குக் கூட்டியாந்து சோறு போட்டு வளக்கார். இதுக்கு மேல, மாத்திரை சாப்பிட்டு 124 வந்ததும், "சரியாயிருச்சே, இனி எதுக்கு?"ன்னு மாத்திரையை நிறுத்திட்டாராம். 124 வந்ததே மாத்திரையாலதான். அதை அவருக்கு நான் சொன்னா, "மீக்கு தெலீதண்டி"ன்னு சிரிக்காரு. எனக்குத் தெரியாதுதான், எழுபத்தெட்டு வயசுல எனக்கு என்ன தெரியும்.

இந்த நம்பர் விவகாரத்துல இன்னொரு கூத்து. 2017-ல அமெரிக்க டாக்டர்கள் கூடி, 130க்கு 80-ஐத் தாண்டினாலே ரத்தக்கொதிப்புன்னு கோட்டை இறக்கிட்டாக. கோடிக்கணக்கான ஜனங்க ராத்திரி சுகமாப் படுத்து, காலையில நோயாளியா எந்திரிச்சாக. நம்ம நாட்டுல 140க்கு 90-தான் இன்னும் கணக்கு. அதே 2017 நவம்பர்லதான் சர்க்காரும் ஐசிஎம்ஆரும் உலக சுகாதார நிறுவனமும் சேந்து ரத்தக்கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒண்ணைத் தொடங்கினாக, முதல் அஞ்சு மாநிலத்துல தெலங்கானாவும் ஒண்ணு. இங்க 2018-லருந்து பஸ்தி தவாகானாவும் வந்துருச்சு. உன் தெருமுனையில இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நீ போனதில்லை, உன் வீட்டு வேலைக்கார அம்மா போயிருக்கு. மெனு கார்டு மாதிரி பேக்கேஜ் போட்டு விக்கிற முழு உடல் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்குல கட்டுவே. ஓசியில உக்கார வச்சு அளக்கான்னா உனக்கு நம்பிக்கை வராது.

இப்ப செய்ய வேண்டியதைக் கேளு. முழங்கைக்கு மேல கட்டுற மெஷின், சோதிச்சு அங்கீகாரம் ஆனதுன்னு பேரு வாங்கினது, உன் புஜத்துச் சுத்தளவுக்குப் பொருந்துற பட்டியோட வாங்கு. இஞ்சி டேப்பை வச்சுப் புஜத்தை அளந்துட்டுக் கடைக்குப் போ, கூச்சப்படாதே. மணிக்கட்டுல கட்டுறதும் வேண்டாம், உன் கைக்கடிகாரம் காட்டுறதும் வேண்டாம். அது நீ எத்தனை அடி நடந்தேன்னு சொன்னதையே நான் நம்பலை. ஏழு நாள், காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. மாத்திரை சாப்பிடுறதா இருந்தா காலையில அதுக்கு முன்னால. அளக்குறதுக்கு அரைமணிக்கு முன்னால சாயா, சிகரெட் கிடையாது. முதுகு சாஞ்சு, பாதம் தரையில ஊனி, கை மேசைமேல, அஞ்சு நிமிஷம் சும்மா இரு. போனைத் தொடாம அஞ்சு நிமிஷம் உன்னால இருக்க முடியுமாங்கிறது தனிப் பரிசோதனை. ஒருதரம் அளந்து, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அள. வந்ததை வந்தபடி எழுது, "இது கணக்குல இல்லை"ன்னு அடிக்காதே. முதல் நாளை விட்டுட்டு மிச்சத்துக்குச் சராசரி போடு. வீட்டுக் கணக்குல 135க்கு 85-தான் கோடு. தாண்டுச்சுன்னா டாக்டர்கிட்ட அந்த நோட்டோட போ. முதல் நாள் மட்டும் ரெண்டு கையிலயும் அளந்து, எதுல கூடுதலோ அந்தக் கையையே வச்சுக்கோ. டாக்டர் 24 மணி நேரம் கட்டிக்கிட்டுத் திரியுற கருவியைச் சொன்னா மறுக்காதே, நீ தூங்கும்போது என்ன நடக்குதுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும்.

அதுக்காக 180க்கு 120 வந்து, நெஞ்சு அடைக்கு, கண்ணு மங்குது, ஒரு பக்கம் கையோ காலோ வரலை, பேச்சு குழறுதுன்னா, "ஏழு நாள் பாக்கச் சொன்னார் மாமா"ன்னு என் பேரைச் சொல்லிக்கிட்டு நோட்டைத் தேடாதே. 108-ஐக் கூப்பிடு.

ஆவக்காய் ஜாடியைப் பரண்லருந்து இறக்க நான் சொல்லப் போறதில்லை. தார்நாகாவுல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கு, நம்ம குன்னூர்ல பிறந்து 1958-ல இங்க வந்து சேந்தது, அதுவும் என்னை மாதிரி நம்ம பக்கத்துலருந்து வந்ததுதான். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளங்கிறதுதான் அவுக பேச்சும். நீ சராசரியைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாலயே அந்த ஜாடி பரண்ல இருக்கலாம். உனக்குக் கெடுதல் இல்லை, எனக்கு வேணும்னா ஏணி இருக்கு.

வர்ற ஞாயித்துக்கிழமை மெஷினோட வீட்டுக்கு வா. உன் அத்தையை அளக்க விடுதேன், அவளுக்கு வெள்ளைக் கோட்டும் இல்லை, எம்ப்ளாயி நம்பரும் தேவையில்லை. அவ பேசாம இருப்பான்னு நான் பொறுப்பு ஏத்துக்கிட முடியாது, அது வேற. வழியில சிக்னலுக்குச் சிக்னல் நின்னு, அவசரத்தை அடக்கிக்கிட்டு நேரா நாற்காலியில வந்து விழுந்திராதே. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா 10, 15 கூடக் காட்டுமாம். வாசல்லருந்து இடது பக்கம் ரெண்டாவது கதவு, லைட் சுவிட்ச் வெளிய இருக்கு.